தும்பி பார்க்க நடப்போம்



"கிழமைக்கு 150 நிமிடம் நடவுங்கள்." எங்களிடம் வரும் சலரோகக்காரருக்கும் பிரஷர்காரருக்கும் நாங்கள் நாளாந்தம் சொல்லும் வசனம் இது. அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போது, நடக்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எழுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர் மட்டும் ஒருநாள் தலையாட்டாமல் திருப்பிக் கேட்டார். "எங்கை தம்பி நடக்கிறது? ஊரிலெண்டால் தோட்டத்துக்குப் போக வேணும், கோயிலுக்குப் போக வேணும், கூப்பன் கடைக்குப் போக வேணும். இஞ்சை ஏன் நடக்க வேணும்?"

மனைவியை இழந்தவர். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். மாடி வீட்டில் ரீவிக்கு முன்னால் பகல் போகும். ஊரில் கச்சேரியில் கிளறிக்கல் வேலை பார்த்தவர். அவருடைய கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. பிறகு கிடைத்த ஒரு பதிலைத்தான் இம்முறை சுகாதாரப் பக்கத்தில் எழுதுகிறோம். ஐயாவின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

ஏன் தும்பி?

மூத்தோர் ஒன்றுகூடலுக்கு வருபவர்களில் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் நடக்கத் தொடங்கினோம். மூன்றாம் கிழமை ஆட்கள் நாலாகக் குறைந்துவிட்டார்கள். அன்று குளக்கரையில் ஓர் ஆங்கிலேய அம்மா சிறிய கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டோம். தும்பி எண்ணுகிறேன் என்றார்.

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சின்னனில நாங்கள் தும்பியின்ர வாலில நூல் கட்டிக் கல்லுத் தூக்க வைச்சனாங்கள். இஞ்சை அதை எண்ணுகினமோ?" ஆனால் அந்த அம்மா காட்டிய திசையில் எல்லோரும் பார்த்தோம். அன்று அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய நடை ஒன்றரை மணி நேரம் போனது. ஒருவரும் முழங்கால் நோகிறது என்று சொல்லவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தால், எம்மவர்களுக்குத் தும்பி மிகவும் பொருத்தம். பறவை பார்க்க விடியற்காலையில் எழும்ப வேண்டும். தும்பிக்கோ வெயில் வேண்டும். காலை 11 மணிக்குப் பிறகு, காற்றுக் குறைந்த சூடான நாளில்தான் அது நன்றாகப் பறக்கும். மலை ஏறத் தேவையில்லை, விலை கூடிய சாமான் தேவையில்லை. தும்பி கொட்டாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்ரோபர் வரை ஒரு குளமோ ஆறோ இருந்தால் போதும்.

தும்பியும் ஊசித்தும்பியும்

ஆங்கிலத்தில் ட்ராகன்பிளை, டாம்சல்பிளை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நாம் தும்பி, ஊசித்தும்பி என்போம். ஓரிடத்தில் இருக்கும்போது பார்த்தால் வித்தியாசம் தெரியும். தும்பி செட்டைகளை விமானம் போல விரித்தபடி இருக்கும். பெரும்பாலான ஊசித்தும்பிகள் செட்டைகளை முதுகின்மேல் மடித்து வைத்திருக்கும். தும்பியின் கண்கள் பெரிதாக, அநேகமாக ஒன்றோடொன்று முட்டியபடி இருக்கும். ஊசித்தும்பியின் கண்கள் தலையின் இரு பக்கமும் விலகி இருக்கும்.

பிரித்தானியாவில் கண்ட இனங்கள் ஐம்பதுக்கு மேல். பயப்பட வேண்டாம். முதல் வருடத்துக்கு இந்த ஐந்தும் போதும்.

1. லார்ஜ் ரெட் டாம்சல்பிளை: சிவப்பு ஊசித்தும்பி. வசந்தத்தில் எல்லோருக்கும் முந்தி வருவது இது. ஏப்ரலிலேயே வீட்டுத் தோட்டத்துச் சிறு குளத்திலும் காணலாம்.

2. புளூ-ரெயில்ட் டாம்சல்பிளை: உடல் கறுப்பு, வாலின் நுனிக்குச் சற்று முன்னால் நீல விளக்குக் கொளுத்தியது போல ஒரு பட்டை.

3. பான்டட் டெமொய்செல்: மெதுவாக ஓடும் ஆறுகளின் ஓரத்தில் வண்ணத்துப்பூச்சி போலப் படபடக்கும். ஆணின் ஒவ்வொரு செட்டையிலும் கருநீலத் திட்டு இருக்கும். பெண் பச்சை நிறம், திட்டு இல்லை.

4. எம்பரர்: நெஞ்சு பச்சை, ஆணின் வயிறு நீலம், நடுவே கறுப்புக் கோடு. விரித்த செட்டையின் அகலம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். கோடையில் குளத்தை இடைவிடாமல் சுற்றிக் காவல் காக்கும்.

5. கொமன் டார்ட்டர்: ஆண் செம்மஞ்சள் கலந்த சிவப்பு. பலகையிலோ பாதையிலோ வெயில் காயும். சில வருடங்களில் நவம்பரிலும் காணலாம்.

கோடையில் நாம் காணும் பறப்பு இதன் வாழ்க்கையின் கடைசிப் பகுதிதான். முட்டையிலிருந்து வரும் குடம்பி நீருக்கடியில் வளர்கிறது. சில இனங்கள் ஒரு வருடத்துக்குள் வளர்ந்துவிடும், எம்பரருக்கு ஒன்றோ இரண்டோ வருடம் செல்லும். நுளம்புக் குடம்பிகளையும் அது தின்னும். வளர்ந்ததும் ஒரு புல்லில் ஏறி, தோலைக் கழற்றிவிட்டுப் பறந்துபோகும். பறக்கும் காலம் சில கிழமைகள் மட்டும். புல்லில் ஒட்டியிருக்கும் அந்த வெறும் தோல், அந்தக் குளத்தில் தும்பி பெருகுகிறது என்பதற்கு நல்ல சாட்சி.

ஐயாவுக்குத் தெரியாத தும்பி

இனிச் சொல்லப்போவதை, சலரோகம் உள்ள எல்லோரும் கவனமாக வாசிக்கவும்.

ஒரு ஜூன் மாதம், கையெட்டும் தூரத்தில் ஒரு நாணலில் நீல ஊசித்தும்பி ஒன்று இருந்தது. எல்லோரும் கண்டுவிட்டார்கள். எங்களோடு வந்த அக்கா ஒருவர் விரலால் காட்டியும் ஐயாவுக்குத் தெரியவில்லை. "கண்ணாடி பழசாப் போச்சு" என்றார். கண் பரிசோதனைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டோம். பதில் வரவில்லை.

திங்கட்கிழமை பார்த்தால் மூன்று வருடமாக அவர் போகவில்லை. கடிதங்கள் ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இருந்ததால் லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார். மகனுக்குத் தொந்தரவு கொடுக்க விருப்பமில்லையாம். பரிசோதனையில் இரண்டு கண்களின் விழித்திரையிலும் சலரோகத்தால் வந்த பாதிப்புத் தெரிந்தது. அதற்கு மேலே கற்றரக்ட் எனும் கண்புரை. பார்வை மங்கியதற்குப் பெரும் காரணம் கண்புரைதான். அதனால்தான் விழித்திரைப் பாதிப்பும் நேரத்தோடு கையில் அகப்பட்டது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

சலரோகத்தால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆரம்பத்தில் நோவு தராது, பார்வையையும் குறைக்காது. பார்வை குறையும்போது பெரும்பாலும் பாதிப்பு முற்றியிருக்கும். அதனால்தான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாச் சலரோகக்காரருக்கும் இலவசமாகக் கண் படம் எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 2023 ஒக்ரோபரிலிருந்து, தொடர்ந்து இரண்டு முறை பாதிப்பு இல்லாதவர்களுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறையும், மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவதும் கடிதம் வரும். கண்ணாடிக் கடையில் செய்யும் சோதனை வேறு, இது வேறு. வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு லாச்சியைத் திறந்து பாருங்கள். அம்மா அப்பாவின் லாச்சியையும் பாருங்கள்.

கண்டதை எழுதி வைப்பது

வைத்தியத்தில் எங்களுக்கு முதலில் படிப்பித்தது, எழுதாவிட்டால் நடக்கவில்லை என்பதுதான். தும்பிக்கும் அப்படியே. ஒரு பதிவுக்கு நான்கு விடயம் வேண்டும்: என்ன கண்டோம், எங்கே, எப்போது, கண்டது யார். இடத்தை வரைபடத்தின் எண்களோடு குறித்தால் இன்னும் நல்லது. ஆறு இலக்கம் எழுதினால் 100 மீற்றர் சதுரத்துக்குள் இடம் வந்துவிடும். எத்தனை இருந்தன, சோடியாக இருந்தனவா, முட்டை இட்டனவா என்பதையும் சேர்க்கலாம்.

இவற்றை 1983 இல் தொடங்கிய பிரித்தானியத் தும்பிச் சங்கம் சேர்க்கிறது. ஐரெக்கோர்ட் என்ற இலவசப் பதிவேட்டில் தொலைபேசியாலேயே போடலாம். அனுபவம் உள்ள ஒருவர் அதைச் சரிபார்ப்பார். படம் இருந்தால் அவருக்கு வேலை சுலபம். எங்கள் முதல் பதிவிலேயே பிழை. கொமன் புளூ என்று எழுதினோம். படத்தைப் பார்த்துவிட்டு, இது அசூர் என்று மரியாதையாகத் திருத்தி அனுப்பினார்கள். இரண்டின் ஆணும் நீலம்தான். வயிற்றின் தொடக்கத்தில் உள்ள கறுப்பு அடையாளம் அசூரில் 'யூ' எழுத்துப் போலவும், கொமன் புளூவில் காளான் போலவும் இருக்கும். படித்தவர்களுக்கும் பிழை வரும், திருத்தினால் சரி.

இந்தச் சின்னப் பதிவுகளால் என்ன பயன் என்று கேட்கலாம். 1970 முதல் 2019 வரை 17,000 பேருக்கு மேல் அனுப்பிய 14 இலட்சம் பதிவுகளை வைத்துத்தான் 2021 இல் பிரித்தானியா, அயர்லாந்துத் தும்பிகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. 40 வீதத்துக்கு மேலான இனங்கள் பரவியிருக்கின்றன. ஒரு காலத்தில் தெற்கோடு நின்ற எம்பரர் இன்று ஸ்கொட்லாந்து வரை போய்விட்டது. குளிரும் சேற்று நிலமும் தேடும் பிளாக் டார்ட்டர் குறைந்துவிட்டது. நாடு சூடாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பூச்சிகள் குறைவு.

கடல் கடந்து வந்து குடியேறியவையும் உண்டு. ஸ்மோல் ரெட்-ஐட் என்ற ஊசித்தும்பியை 1999 இல் எசெக்ஸில் முதன்முதலாகக் கண்டார்கள். வில்லோ எமரால்ட் 2007 இல் சபோக்கில் தெரிந்தது, 2009 இலிருந்து பெருகியது. இன்று தென்கிழக்கு இங்கிலாந்தில் நீருக்கு மேல் சாய்ந்த மரக்கிளைகளில் அதைப் பரவலாகக் காணலாம். இதைச் சொன்னபோது ஐயா, "எங்களுக்குப் பிறகு வந்ததுகளோ?" என்று கேட்டார்.

எங்கே போகலாம்?

கிழக்கு இலண்டனில் இருப்போருக்கு வான்ஸ்ரெட் பார்க் குளங்களும், 2017 இல் திறந்த வோல்தம்ஸ்ரோ வெற்லாண்ட்ஸும் கிட்ட. வோல்தம் அபியில் உள்ள கோர்ன்மில் மெடோஸ் தும்பிகளுக்கென்றே பேர்போன இடம். ரூற்றிங், விம்பிள்டன் பக்கத்தார் விம்பிள்டன் கொமன் குளங்களுக்கும், வான்டில் ஆறு ஓடும் மோர்டன் ஹோல் பார்க்குக்கும் போகலாம். வெம்பிளி, கிங்ஸ்பரிக்கு பிரையன்ற் கன்ற்ரி பார்க். ஒரு நாள் பயணமாகப் போக விரும்பினால் கேம்பிரிட்ஜ் அருகே விக்கன் பென்.

போகுமுன் கவனிக்க

இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர்கள் குளுக்கோஸ் வில்லையோ இனிப்போ கையில் வைத்திருக்க வேண்டும். நடை நீண்டால் சீனி இறங்கலாம்.

சலரோகக்காரர் செருப்போடு வரவேண்டாம். மூடிய சப்பாத்துப் போட்டு, வீடு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

உயரமான புல்லில் உண்ணி இருக்கலாம். நீளக் காற்சட்டை போடுங்கள். கடித்திருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலுக்கு அருகில் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பிறகு வட்டமாகச் சிவப்புப் பரவினாலோ காய்ச்சல் குணம் வந்தாலோ வைத்தியரைக் காணுங்கள்.

பச்சைப் பாசி படர்ந்த நீரில் கை வைக்க வேண்டாம். பேரப்பிள்ளைகளைக் கரையில் தனியே விட வேண்டாம்.

வெயிலில் நின்றாலும் எம்மவரின் தோலுக்கு விற்றமின் டி போதாமல் போகலாம். தோல் கறுத்தவர்கள் வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்கிரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள்.

நெஞ்சுநோ, மூச்சு வாங்கல் உள்ளவர்கள் முதலில் எங்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். குளிசையை நிறுத்திவிட்டு நடக்க வேண்டாம். தும்பி மருந்துக்குப் பதில் அல்ல.

ஐயாவின் கொப்பி

கண்ணுக்குச் சிகிச்சையும் கண்புரைச் சத்திரசிகிச்சையும் முடிய அடுத்த கோடை வந்துவிட்டது. முதல் வெயில் ஞாயிறு நாங்கள் குளத்துக்குப் போனபோது ஐயா எங்களுக்கு முந்தி வந்து நின்றார். கையில் கோடு போட்ட கொப்பி. திகதி, நேரம், இடம், இனம், எண்ணிக்கை என்று கச்சேரி இடாப்புப் போலப் பத்தி பிரித்திருந்தார். ஊரில் அவர் எழுதிய இடாப்புகள் எல்லாம் சண்டையில் எரிந்துபோனதாக ஒருமுறை சொல்லியிருந்தார்.

இப்போது எங்கள் குழுவில் பதினான்கு பேர். பதிவு எழுதுவது ஐயாதான், தொலைபேசியில் ஏற்றிக் கொடுப்பது பேத்தி. சென்ற முறை இரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது, நடக்கிறீர்களா என்று வழக்கம் போலக் கேட்டோம்.

"நேற்று மழை தம்பி, தும்பி ஒண்டும் வரேல்லை. ஆனா நான் போனனான்" என்றார்.

அடுத்த வெயில் நாளில் நீங்களும் வாருங்கள். ஒரு பேனையும் கொப்பியும் கொண்டுவந்தால் போதும்.