பயிற்சி புதியவர்களுக்கு மட்டும்தானா?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. டிசிஎஸ் நிறுவனம் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி தரும் முக்கியமான மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகள் பலர் வேலை கற்றுக்கொண்டதே இங்குதான். மெக்கானிக்கல் படித்தவரையும் சில மாதங்களில் கோட் எழுத வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வளர்ந்ததுதான் தகவல் தொழில்நுட்பத் துறை.

அதே டிசிஎஸ் 2025 ஜூலையில், மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் அதிகமானோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருந்தாததும், தகுந்த பணியில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன்.

பொருந்தாமல் போனது எப்படி? ஒரே வாடிக்கையாளரின் பழைய மென்பொருளைப் பத்தாண்டு பராமரித்தவருக்குப் புதியதைக் கற்க நேரம் கொடுத்தது யார்? பிராஜெக்ட் முடிந்தால் பெஞ்ச், அதாவது அடுத்த பிராஜெக்டுக்கான காத்திருப்பு. அதற்கும் 2025 ஜூனில் டிசிஎஸ்-இல் வரம்பு வந்தது: ஆண்டில் 225 நாட்களாவது வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் கூடாது. கல்லூரியிலிருந்து வந்தவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருகிறவர்கள், அனுபவசாலி 35 நாட்களுக்குள் மாறிவிட வேண்டும் என்பது நியாயமல்ல.

ஆளை மாற்றுவதில் நிறுவனத்துக்கும் இழப்பு உண்டு. பழைய மென்பொருளில் எந்த வரி எதற்காக எழுதப்பட்டது, எதைத் தொட்டால் எது உடையும் என்பது பெரும்பாலும் ஆவணத்தில் இருக்காது, ஆளோடு போய்விடும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க, இருப்பவர்கள் தங்கள் வேலையை நிறுத்த வேண்டும். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதியது இதனால்தான்.

எல்லாரையும் எப்போதும் வைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. குறையை நேரில் சொல்லி, கற்க அவகாசம் தந்து, வேறு குழுவிலும் பார்த்த பிறகும் சரிவராதவரை அனுப்புவதில் தவறில்லை. அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்து, கூட்டமாக அனுப்புவதுதான் தவறு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளருக்கு மறுதிறன் பயிற்சி நிதி உண்டு. முதலாளி 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையைச் செலுத்த வேண்டும். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அதனால் மேலாளர் பதவியில் உள்ள பலருக்கு இது கிடைக்காது. கிடைப்பவருக்கும் வேலை போன பிறகுதான். அந்தப் பயிற்சியை வேலையில் இருக்கும்போதே, ஊதியத்தோடு, ஆண்டுதோறும் தருவதை நிறுவனங்கள் கடமையாக ஏற்க வேண்டும்.