பாங்கொலி எட்டும் எல்லை வரை

பள்ளிவாசலின் மினாராவிலிருந்து எழும் பாங்கொலி அக்கம் பக்கத்து இல்லங்கள் அனைத்தையும் எட்டுகிறது. அவ்வில்லங்களின் துயரம் பள்ளிவாசலை எட்டுகிறதா? ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தாரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 36ஆம் வசனம், இறைவணக்கத்தை ஏவிய உடனேயே, உறவினரான அண்டை வீட்டார்க்கும் உறவினரல்லாத அண்டை வீட்டார்க்கும் நன்மை செய்யுமாறு பணிக்கின்றது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குப் பங்கு சென்றதா என்றே அவர்கள் வினவினார்கள்.

ஆயினும், கொடுக்கும் மனம் மட்டும் போதாது. தேவையை அறியும் முயற்சியும் வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பால்குடி மறந்த குழந்தைகளுக்குப் பொது நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கி வந்தார்கள். ஓரிரவு, மதீனாவுக்கு வந்து தங்கியிருந்த வணிகக் கூட்டத்தாருக்குக் காவல் புரிந்தபோது, ஒரு குழந்தை இடைவிடாது அழுவதைச் செவியுற்றார்கள். காரணம் கேட்டபோது, அவர்தாம் கலீஃபா என்பதை அறியாத தாய், உதவித்தொகை பெறுவதற்காகவே பாலை முன்கூட்டி நிறுத்துவதாகக் கூறினார். உமர் (ரலி) அவர்கள் கலங்கிப் போனார்கள். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் அழுகை மிகுதியால் அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாக விளங்கவில்லை. பின்னர், பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டென அறிவிக்கச் செய்தார்கள். நன்னோக்குடன் வகுத்த விதியே பச்சிளங்குழந்தைகளை வாட்டியது. நேரில் சென்று கேட்டதனால்தான் அது வெளிப்பட்டது!

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றுவட்டார மீனவ மக்களுக்கு உணவும் புகலிடமும் அளித்துத் துணை நின்றனர். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல, சமயம் பாராது கதவுகளைத் திறந்தன. பேரிடர் நாளில் தேவை கண்ணெதிரே நிற்கும். மற்ற நாட்களில் அது நான்கு சுவர்களுக்குள் மறைந்திருக்கும். நாமே தேடிச் செல்ல வேண்டும்.

எனவே நிர்வாகிகளே, தெருவுக்கு இருவரைப் பொறுப்பாக்குங்கள். பெண்களின் குறைகளைப் பெண்களே கேட்டறியட்டும். பிற சமயப் பெரியவர்களிடமும் சென்று விசாரியுங்கள். மருந்து வாங்க வழியற்ற முதியவர், கட்டணமின்றிப் படிப்பை நிறுத்தும் மாணவி, குடிநீருக்கு அலையும் தெரு என அனைத்தும் அப்போது தெரியவரும். ஸகாத் நிதியை அதற்குரிய எட்டு வகையினருக்கே செலவிடுங்கள். ஸதகாவின் வாசலோ அனைவருக்கும் திறந்தது. பெறுவோரின் மானம் காக்கப்படுவது இன்றியமையாதது. மேடையேற்றிப் படம் பிடித்துக் கொடுக்கும் உதவி, பெறுவோரைப் புண்படுத்தும். கொடுப்போரின் நன்மையையும் அழித்துவிடும்.

இன்றைய ஜும்ஆவுக்குப் பின் சற்று நேரம் அமர்ந்து இதனை ஆலோசியுங்கள். அண்டை அயலாரின் துயரறிந்து துடைக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.