நாற்சார் வீடும் 12 மில்லிமீற்றர் வில்லையும்

வெளியே நின்று ஒரு வீட்டைப் படம்பிடிப்பது எளிது. வீதியிற் பத்தடி பின்வாங்கினால் வீடு தானாகவே படத்துக்குள் வந்து அமர்ந்துவிடும். அதே வீட்டை உள்ளே நின்று படம்பிடிக்க முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். பின்வாங்கப் பின்வாங்க முதுகிற் சுவர் தட்டும். அதற்குமேற் போக இடமிராது. படத்திலோ ஒரு தூணும் பாதிக் கதவுமே விழுந்திருக்கும். சென்ற புரட்டாதி மாதத்தில் இந்தச் சங்கடம் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது. அதிலிருந்து மீளும் வழியை ஆராய்ந்தபோது நான் அறிந்துகொண்டவற்றைச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் வாசகர்களுக்குச் சொல்லிவைப்பது பயன்படும் எனக் கருதுகிறேன்.

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குச் செல்வோர், தெருவோர வளவுகளிற் கூரையிழந்து நிற்கும் கல்வீடுகளைக் கண்டிருப்பார்கள். 1990 ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது பூட்டப்பட்டவை அவற்றுட் பல. என் பெரியம்மாவின் நாற்சார் வீடும் அவ்வாறு பூட்டப்பட்டதே. நடுவே முற்றம்; முற்றத்தைச் சூழ நான்கு பக்கமும் விறாந்தை; அதற்கப்பால் அறைகள்; மேலே பனஞ்சலாகையும் ஓடும். மேற்குப் பக்கக் கூரை சரியத் தொடங்கியதும் மேசன் வந்து பார்த்தார். இன்னொரு மாரியை இது தாங்காது, ஓடுகளை இறக்கிவிடுவதே நல்லது என்று சொல்லிவிட்டார். பெரியம்மா அழவில்லை. ஒரேயொரு நிபந்தனை விதித்தார்.

“நாலு பக்கமும் ஒண்டாய் விழவேணும், தம்பி. துண்டு துண்டாய் எடுத்தால் அது வீடில்லை.”

ரொறன்ரோவில் வாழும் அண்ணர், தாம் பாவித்த மிரர்லெஸ் கமரா ஒன்றை முன்னரே எனக்கு அனுப்பியிருந்தார். அதனோடு கூடவே வரும் 16 முதல் 50 மில்லிமீற்றர் வரையான வில்லையும் இருந்தது. அதை எவ்வளவு அகலத் திருப்பியும் மூன்றாவது பக்கம் பாதியிலே அறுந்தது. அகலக்கோண வில்லை ஒன்று வேண்டும். கையில் ஒதுக்கக்கூடியதோ ஐம்பதினாயிரம் ரூபா. அந்த ஆசிரியச் சம்பளத்திற் பிசகு நேர்ந்தால் மறுமுறை வாங்க வழியில்லை. மாரி தொடங்கச் சில வாரங்களே இருந்தன.

எந்த வில்லை நல்லது என்று கேட்டாற் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். எத்தனை பாகை வேண்டும் என்று முதலிற் கேட்பவர் அரிது. சதுரமான ஓர் அறையின் மூலையில் முதுகை வைத்து நில்லுங்கள். இடக்கைச் சுவரும் வலக்கைச் சுவரும் உங்களிடமிருந்து 90 பாகை விரிந்து செல்கின்றன. தச்சரின் மூலைமட்டத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஆகவே மூலையில் வைத்த கமரா 90 பாகையைப் பார்க்குமாயின் அறை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதற்குக் குறைந்தாற் குறை. அதற்கு மிகையானதற்குக் கொடுக்கும் பணம் இவ்வேலையைப் பொறுத்தவரையில் வீண்.

இனி, 90 பாகை தரும் வில்லை எது? இதற்கு ஓர் எளிய கணக்குண்டு. கமராவினுள்ளே ஒளியை ஏற்கும் சில்லுக்கு உணரி என்று பெயர். அதன் அகலத்திற் பாதி எவ்வளவோ, அவ்வளவு குவியத்தூரம் உடைய வில்லை சரியாக 90 பாகை அகலத்தைக் காட்டும். முழு அளவு உணரியின் அகலம் 36 மில்லிமீற்றர். அதற்கு 18 மில்லிமீற்றர் வில்லை போதும். சோனி, நிக்கோன், பியூஜி ஆகியவற்றின் சிறிய உணரிகள் ஏறத்தாழ 23.5 மில்லிமீற்றர் அகலமுடையவை, அவற்றுக்கு 12. கனனின் சிறிய உணரி 22.3, அதற்கு 11. மைக்ரோ போர் தேர்ட்ஸ் எனும் இனத்துக்கு உணரி 17.3, ஆகவே 9. அண்ணர் அனுப்பிய கமரா இரண்டாம் வகை. அதில் 16 மில்லிமீற்றர் காட்டுவது சுமார் 73 பாகை மாத்திரமே. மூன்றாவது பக்கம் ஏன் அறுந்தது என்பது அப்போது விளங்கிற்று. எனக்கு வேண்டியது 12. இந்த ஓர் எண் கைக்கு வந்தவுடனேயே கடைக்காரர் காட்டிய பட்டியலில் முக்காற்பங்கு தானாக உதிர்ந்துபோயிற்று.

விளம்பரங்களில் அச்சிடப்படும் பாகை எண்ணைக் கண்டு ஏமாறக்கூடாது. அவர்கள் பெரும்பாலும் படத்தின் மூலைக்கு மூலை அளந்த கணக்கையே போடுகிறார்கள். 12 மில்லிமீற்றர் வில்லைக்கு 99 பாகை என்று எழுதியிருப்பார்கள். பக்கவாட்டில் அது 89 தான். கிழவியின் காணியை வேலிக்கு வேலி அளவாமற் குறுக்கு மூலையாக அளந்து விலை சொல்லும் தரகரின் சாமர்த்தியம் இது.

ஒரே வில்லை வேறு வேறு உடலில் வேறு வேறாக நடக்கும் என்பதும் மறக்கற்பாலதன்று. கனன் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட 16 மில்லிமீற்றர் வில்லை 165 கிராம் மட்டுமே நிறையுடையது; விலையும் மலிவு. முழு அளவு உணரியில் அது 97 பாகை அளவுக்கு விரியும். அதனையே அந்நிறுவனத்தின் சிறிய உணரிக் கமராவிற் பூட்டினால் 70 பாகைக்குச் சுருங்கிவிடும். அத்தகைய கமரா வைத்திருப்பவருக்கு 2023 இல் வந்த 10 முதல் 18 மில்லிமீற்றர் வரையான வில்லை பொருந்தும். அது வெளிவந்தபோது அமெரிக்காவில் 329 டொலர். டொலரை 300 ரூபாவென வைத்தாலும் ஒரு இலட்சத்தை அணுகும். இறக்குமதித் தீர்வை வேறு. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதங்களுள் 360 ஐ எட்டியதை நம் வீட்டுக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் மறக்கவில்லை. ஆதலின் நான் புதிய வில்லையின் ஆசையை அன்றே விட்டுவிட்டேன்.

மிரர்லெஸ் என்றால் ஆடியற்றது என்று பொருள். முந்திய கமராக்களில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையில் ஓர் ஆடி மேலெழுந்து தாழும். அது அசைய இடம் விடவேண்டியிருந்தமையால், வில்லையைப் பின்னே நெருங்கவிட முடியவில்லை. நிக்கோனின் பழைய கமராவில் இவ்விடைவெளி 46.5 மில்லிமீற்றர். அகலக்கோண வில்லைக்கோ நெருக்கமே விருப்பம். பிரான்சு நாட்டுப் பியர் அஞ்செனியு என்பவர் 1950 இல் முன்புறத்தில் ஒரு பெரிய விரிவில்லையை வைத்து இத்தடையைத் தாண்டினார். அதன் பின்னரே ஆடியுள்ள கமராக்களுக்கு அகலக்கோணம் கிட்டிற்று. ஆனால் வில்லைகள் பருத்தன. இப்போது ஆடி போய்விட்டது. நிக்கோனின் புதிய இனத்தில் இடைவெளி 16 மில்லிமீற்றர் மாத்திரமே. மடியில் முடிந்துகொள்ளத்தக்க சிறு அகலக்கோண வில்லைகள் இன்று கிடைப்பதற்கு ஒரு காரணம் இதுவே.

வில்லையைப் பற்றி எழுதும்போது எங்கள் தீவின் பழைய பெயர் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தங்கள் நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அந்த லைடன் நகரத்துப் பேராசிரியர் சினெல் என்பவரே 1621 இல் ஒளி முறிவின் விதியைக் கண்டவர். எந்த வில்லையையும் அவ்விதியின்றி வகுக்க இயலாது. டெல்வ்ற் நகரத்துத் துணிவணிகரான லேவன்ஹூக்கோ, தம் கையாற் கடைந்த வில்லைகளால் நீர்த்துளியில் நெளியும் உயிர்களைக் கண்டார். பெயரைத் தந்தவர்கள் ஒரு வில்லையையும் விட்டுச் சென்றிருந்தால் எனக்கு ஐம்பதினாயிரம் மிச்சமாயிருக்கும்!

நிற்க. மலிவு என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கும் பள்ளங்கள் சில. கொழும்பில் ஒரு கடையில் 7.5 மில்லிமீற்றர் வில்லை ஒன்றை என் விலைக்குள்ளேயே எடுத்துக் காட்டினார்கள். எண் சிறிதாயிருக்கக் கண்டு நான் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டேன். நல்வேளையாக உடன் வந்த மருமகன் அதைக் கமராவிற் பூட்டிக் கடையின் வாசலை நோக்கினான். கதவுநிலை வில்லைப்போல வளைந்து நின்றது! அது மீன்விழி வில்லை. நேர்கோட்டை அது நேர்கோடாகக் காட்டாது. வேடிக்கைக்கு அது பொருந்தும். தூணும் நிலையும் உத்தரமுமாக நிற்கும் வீட்டுக்குப் பொருந்தாது. விற்பவர் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இன்னொன்று, கூடவே வரும் வில்லையின் முன்னே திருகிப் பூட்டும் அகலமாக்கிக் கண்ணாடி. சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும். படத்தின் நடு தெளிவாகவும் ஓரங்கள் எண்ணெய் பூசியதுபோலவும் இருக்கும்.

சிறு சிறு படங்களாக எடுத்துக் கணினியில் ஒட்டலாமே என்று ஓர் ஐயம் எழலாம். செலவற்ற வழி, வெளியிடத்தில் நன்றாகவே பலிக்கும். ஆனால் எங்கள் விறாந்தைத் தூண்கள் கமராவுக்கு மூன்றடியில் நின்றன. கமராவைத் திருப்பும்போது அருகிலுள்ள தூண் ஒரு படத்தில் ஓரிடத்திலும் மறு படத்தில் வேறிடத்திலும் விழுந்தது. ஒட்டியபோது ஒரு தூணுக்கு இரண்டு தோள்கள் முளைத்தன. பெரியம்மா சொன்னது மெய்தான்.

முடிவில் நான் வாங்கியது 2014 இல் வெளிவந்த சாம்யாங் 12 மில்லிமீற்றர் வில்லை, யாரோ பாவித்தது. அது தானாகக் குவியப்படுத்தாது. கையால் வளையத்தைத் திருப்பவேண்டும். இக்குறையினாலேதான் விலை தாழ்ந்தது. வீட்டைப் படம்பிடிப்பவருக்கு இது குறையே அன்று. துவார எண்ணை 8 இல் வைத்துக் குவியத்தை மூன்றடிக்கு நிறுத்தினால், ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் அடிவானம் வரை யாவும் தெளிவாக விழும். பின்பு வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை. இந்த வில்லையின் துவாரம் 2 வரை திறக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். முக்காலியில் வைத்து எடுப்பவனுக்கு அந்தப் பெருமையாற் பயனில்லை. கலியாண வீட்டில் இரவு படமெடுப்பவருக்கே அது வேண்டும். துவாரத்துக்கும் தானியங்கிக் குவியத்துக்கும் பணம் கொடாமல் அகலத்துக்கு மாத்திரம் கொடுத்தேன்.

பழையதை வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் செய்தல் வேண்டும். ஒரு சிறு ரோச் விளக்கை வில்லையின் ஒரு புறத்திற் பிடித்து மறுபுறத்தால் உள்ளே பாருங்கள். சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்களைப் போன்ற கடலோரவாசிகளின் உவர்க்காற்றும் ஈரமும் அதற்குத் தாய்ப்பால். தூசி இரண்டொன்று இருந்தாற் பாதகமில்லை. பூஞ்சணம் இருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம். வாங்கிய பின்னரும் அலுமாரியின் இருட்டுக்குள் வைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைப்பது நன்று.

அகலக்கோணத்தின் குணமறியாமற் கையாண்டால் வருத்தமும் வரும். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்று கடற்கோட்டையை இதனால் எடுத்துப் பார்த்தேன். கோட்டை ஒரு கடுகளவாயிற்று. படம் முழுவதும் வானமும் நீரும். தூரத்தை மேலும் தூரமாக்குவது இதன் இயல்பு. ஓரத்தில் நிற்பவரின் முகத்தையோ இது பக்கவாட்டில் இழுத்துவிடும். 90 பாகைப் படத்தின் விளிம்பில் முகத்தின் அகலம் உயரத்தைவிட நாற்பது வீதம் மிகும். ஏற்கெனவே பருமனான என் மைத்துனர் ஓரத்தில் நின்ற ஒரு படத்தை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. குடும்பப் படத்துக்குப் பழைய வில்லையே போதும். வளவுக்குட் பின்வாங்கி நின்று எடுங்கள்.

குறித்த நாள் அதிகாலையிற் போனோம். வெயில் ஏறிவிட்டால் முற்றம் வெளுத்து, விறாந்தை கரியாகிவிடும்; ஆகவே சூரியன் கூரைக்கு மேல் வருமுன் முடித்தாகவேண்டும். தென்கிழக்கு மூலையிற் சுவரோடு ஒட்டி முக்காலியை நிறுத்தினேன். கமரா சற்று நிமிர்ந்தாலும் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். திரையில் மட்டக்கோடு சமமாகும்வரை காலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். பெரியம்மா முற்றத்தின் நடுவே ஒரு கதிரையில் இருந்தார். அவர் முகம் படத்தின் மையத்திலிருந்தமையால் இழுபடவில்லை. கமராவின் நேரம்தாழ்த்தியைப் பத்து விநாடிக்கு வைத்துவிட்டு நான் மூலையிற் கீழே குந்திக்கொண்டேன்.

ஏழெட்டுப் படங்களுள் ஒன்று சரியாக விழுந்தது. கிழக்கு விறாந்தை, தெற்கு விறாந்தை, சுவாமி அறையின் வாசல், சரிந்த மேற்குக் கூரை யாவும் அதில் இருந்தன. கமராவை அவர் மடியில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முற்றத்தையோ தம்மையோ அவர் பார்க்கவில்லை. படத்தின் இடது விளிம்பிலே, உத்தரத்தில், நான் அதுவரை கவனியாத ஓர் இரும்பு வளையம் தொங்கிற்று. அதைத் தொட்டுக் காட்டினார்.

“இதுவும் விழுந்திருக்குது. இதிலைதான் உங்கள் எல்லாருக்கும் தொட்டில் கட்டினது.”

மறுநாட் காலை மேசனின் ஆட்கள் ஏணியோடு வந்து சேர்ந்தார்கள்.