கால்சட்டைக் கோயிலும் கல்லறைச் சுவரும்

பேண்ட் மாதிரி ஒரு சர்ச் பார்த்திருக்கிறீர்களா?

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் இருக்கிறது. பெயர் திருக்குடும்ப ஆலயம். 1872-ல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் காலத்தில் கட்டியது. நடுவில் பீடம். அங்கிருந்து இரண்டு நீளமான கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி பிரிந்து போகும். ஒரு காலில் வேளாளரும் அவர்களைச் சேர்ந்தவர்களும். இன்னொரு காலில் நாடார்களும் மற்றவர்களும். பூசை வைக்கிற சாமியாரை இரண்டு பக்கத்துக்காரர்களும் பார்க்கலாம். ஆனால் இவர்கள் முகத்தில் அவர்கள் விழிக்க வேண்டியதில்லை! பிளான் போட்டவர் பலே கில்லாடி. கடவுளுக்குத்தான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கியிருக்கும்.

1910-ல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்துத் தள்ளினார். சும்மா விடுவார்களா? 'தனியா உட்கார்றது எங்க உரிமை' என்று கேஸ் போட்டு, சென்னை ஹைகோர்ட் வரைக்கும் இழுத்தார்கள். அப்படி ஒரு உரிமையே கிடையாது என்று தீர்ப்பாயிற்று. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு வருவதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னால் நடந்த சமாசாரம் இது.

'ஆட்டையாம்பட்டிக்காரனுக்கு முறுக்கைப் பத்தி எழுதத் தெரியாதா? திருநெல்வேலி விவகாரம் எதுக்குப்பா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். காரணம் இருக்கிறது சார். இந்தக் கதையில் நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1623-ல் மதுரையிலிருந்து கிளம்பிய ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் வந்து சேர்ந்தது நம்ம சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும்தான். காவி உடை, சைவச் சாப்பாடு என்று சன்னியாசி மாதிரியே வாழ்ந்தவர். மேல்சாதிக்காரர்களோடு பழக அப்படி ஒரு வகைப் பாதிரியார் என்றால், மற்றவர்களோடு பழகப் 'பண்டாரசாமி' என்று இன்னொரு வகையை 1640-ல் ஏற்படுத்தினார்கள். ஊர் வழக்கத்தை அனுசரித்துப் போகாவிட்டால் வாசற்படியே ஏற முடியாது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பலித்தது. ஆனால் அன்றைக்கு வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

புராட்டஸ்டண்ட் சபைகள் மட்டும் ஒழுங்கா? 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், 'சாதியை உடனே விட்டாக வேண்டும்' என்று கடிதம் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கோபித்துக்கொண்டு சபையை விட்டு எழுந்து போனவர்கள் ஏராளம்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான், அங்கே சாதிக்குப் பதில் நிறம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, அதாவது சர்ச் நேரம்தான், தம் நாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் அதிகமாகப் பிரிந்திருக்கிற நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் வருத்தப்பட்டார். 1959-ல் அவர் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தினார்களாம். முதலில் சுருக்கென்றதாம். யோசித்துப் பார்த்தால் உண்மைதானே என்று தோன்றிற்றாம். பின்னால் அவரே சொன்னது.

சரி, அதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா?

உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர். பாகுபாடு தாங்காமல் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம், துப்பாக்கிச் சூடு. இரண்டு உயிர் போயிற்று. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரித்து ஒரு சுவர். 2010-ல் அதைச் சிலர் இடிக்கப் போன பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு சுவர் இருப்பதே தெரிந்தது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கு விவகாரம் 2025-ல் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. திருவிழாவுக்கு எங்களிடம் வரி வாங்குவதில்லை, நிர்வாகத்தில் இடமில்லை என்பதெல்லாம் மனு போட்டவர்களின் புகார்.

கிறிஸ்தவர்களை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். சேலத்துக்குப் பக்கத்தில் திருமலைகிரி. 2023 ஜனவரியில், மாரியம்மன் கோயிலுக்குள் போய்க் கும்பிட்ட தலித் இளைஞரை உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் ஊர் நடுவே நிறுத்தித் திட்டினார். வீடியோ பரவியது. பிரமுகர் கைதானார். சாமி வேறே தவிர ஆசாமி ஒன்றுதான்!

மேலிடத்தில் நல்ல காரியங்கள் நடக்காமலில்லை. 2003-ல் போப் இரண்டாம் ஜான்பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதிப் பாகுபாடு கூடாதென்று கண்டித்துச் சொன்னார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. 2022-ல் ஹைதராபாத்தின் அந்தோணி பூலா கார்டினல் ஆனார். தலித் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதே வருஷம் தேவசகாயம் புனிதரானார். 1745-ல் அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊர் எது தெரியுமா? அதே வடக்கன்குளம்! பட்டம் கொடுக்கும்போது அவர் பெயரிலிருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டார்கள். புனிதர் பேரில் போன சாதி, ஊருக்குள் போக வேண்டாமா?

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் கணக்கு நோட்டைத்தான் முதலில் புரட்டத் தோன்றும். பைபிளில் இல்லாத சாதிப் பிரிவினை, திருவிழா வரி நோட்டில் இருக்கிறது. சிலரிடம் வரி வாங்கவே மாட்டார்கள். பாவம், ஏழைகள் என்றா? அதெல்லாம் இல்லை. ரசீது கொடுத்தால் நாளைக்குப் பங்கு கேட்பார்கள். தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்பார்கள். கமிட்டியில் நாற்காலி கேட்பார்கள். ரொம்பப் பழைய டெக்னிக்.

அந்த நோட்டில் ஆயிரம், இரண்டாயிரம் என்று எழுதுகிறவர்கள் யார்? சென்னையிலும் பெங்களூரிலும் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போனிலேயே பணம் அனுப்புகிற நம்மை மாதிரி ஆசாமிகள்தான். கடப்பாரை தூக்க வேண்டாம். கோர்ட் படி ஏற வேண்டாம். பட்டனை அமுக்குவதற்கு முன்னால் கமிட்டிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "அண்ணே, எல்லாத் தெருவிலயும் வரி வாங்கறீங்களா? தேர் எல்லாத் தெருவுக்கும் போகுதா? கமிட்டியில எல்லாத் தெரு ஆளும் இருக்காங்களா?" சர்ச்சாக இருந்தால் நாலாவதாக, "கல்லறை ஒண்ணுதானே?"

கமிட்டிக்காரர் முறைப்பார். 'பெரிய மனுஷனாயிட்டான்' என்பார். உங்கப்பாவிடம் போட்டுக் கொடுப்பார். ஒருத்தன் கேட்டால் அப்படித்தான். பத்துப் பேர் கேட்டு, பத்துப் பேரும் பதில் வந்த பிறகுதான் பணம் என்றால், தேரோட்டும் செலவுக்கு அவர் எங்கே போவார்?

இந்த வருஷ நோட்டீஸ் உங்கள் போனுக்கு வந்திருக்குமே... கேட்டுவிட்டீர்களா?