குத்துக்கு ஒரு நாற்று

தஞ்சைப் பண்ணைகளில் அன்று வேலைக்கு அளவு வைத்தவர் வரப்பில் குடை பிடித்து நின்ற காரியஸ்தர். பொழுது சாய்வதற்குள் இத்தனை மா நிலத்தில் நடவு முடிய வேண்டும் என்பார். தவறினால் சவுக்கடி, சாணிப்பாலைக் குடிக்க வைக்கும் தண்டனை. 1940-களில் பி. சீனிவாச ராவ் முன்நின்று கட்டிய விவசாயச் சங்கம்தான் அந்தச் சவுக்கைக் கீழே போட வைத்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

1960-இல் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. அதே பத்தாண்டில் ஆடுதுறை 27 நெல் ரகம் குறுவையைப் பெருக்கியது. குறுவை அறுத்த கையோடு தாளடி நட வேண்டிய அவசரம். மூட்டைக் கணக்கை உயர்த்தியவர்களில் பலருக்குக் கூலி நெல்லை உயர்த்த மனம் வரவில்லை. அந்தக் கூலித் தகராறுதான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்களைத் தீயில் கொண்டுபோனது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

2000-களில் திருந்திய நெல் சாகுபடி வந்தபோது நடவுக்காரப் பெண்களிடம் கேட்கப்பட்டது வேறு மாதிரியான உழைப்பு. முற்றிய நாற்றை நான்கைந்தாகச் சேர்த்து ஊன்றிப் பழகிய கை அது. இப்போது 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுரம். ஒரு சாண்கூட வராத நாற்றை வேர்மண் உதிராமல் இரு விரலில் பிடித்து, சேற்றில் புதைந்துவிடாமல் மேலாக வைக்க வேண்டும். முதல் நாள் வேகம் பாதியாகிவிட்டது.

எங்கள் பக்கம் ஒருவர் பழைய மா கூலியையே பேசி, வரப்பில் நின்று விரட்டினார். மதியத்துக்குள் வரிசை கலைந்து, பழையபடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அடுத்த வயல்காரர் முதல் நடவுக்கு மா கணக்கை விட்டு நாள் கூலி கொடுத்தார். "மெதுவா வைங்கக்கா, கை பழகட்டும்" என்று வரிசைக் கயிற்றின் ஒரு முனையைத் தானே பிடித்தார். ஏக்கருக்கு 25 கிலோவுக்கு மேல் போன விதை 3 கிலோவில் முடிந்திருந்தது. அந்த மிச்சத்தைக் கூலியில் சேர்த்தார். அடுத்த போகத்தில் மா கணக்குக்கே போகலாம் என்று சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான்.

ஒன்றில் மட்டும் எல்லோரும் தவறினோம். கோனோ வீடர் என்ற களைக்கருவி வந்ததும் களையெடுப்பு ஆண்கள் கைக்குப் போய்விட்டது. களையெடுத்து வந்த பெண்கள் இழந்த வேலை நாள்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

இப்போது நடவு பேச வரும் குழுத்தலைவி முதலில் சேற்றில் காலை வைத்துப் பார்க்கிறார். நாற்றுக்கு எத்தனை நாள் என்று கேட்கிறார். பிறகுதான் தொகை.

"இளநாத்துன்னா ரெண்டு ஆளு கூட வேணும் தம்பி. சரின்னா நாளைக்கே இறங்குறோம்."