பக்கத்திரையில் நிற்கும் படுபாவிகளும் புண்ணியவதிகளும்

மாலைக்கு பிரிக்பீல்ட்ஸ். சேலைக்கும் வளையலுக்கும் கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானா. ஆடத் தெரிந்த பிள்ளைகளா? 1981 முதல் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வளர்த்துக்கொண்டே இருக்கிறது. மேடையா? 2005-இல் செந்தூலில் திறந்த கேஎல்பேக் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சிலப்பதிகாரத்தை நாடகமாகப் போட நினைப்பவருக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான்! கஷ்டம் ஒன்றே ஒன்று. வேஷம் பிரிக்கும்போது எல்லாருக்கும் கண்ணகி வேண்டும், கோவலன் வேண்டும், பாண்டியன் வேண்டும். வாயிற்காவலனுக்கு மட்டும் ஆள் கிடைக்காது.

அடடா, என்ன அநியாயம்! வாருங்கள், பக்கத்திரைக்குப் பின்னால் கூட்டிப்போகிறேன். இந்தச் சோகத்தை நடத்துகிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்கிறார்கள்.

முதலில் அந்தக் கூனி. பெயர்கூடக் கிடையாது. ஆடல் நங்கை மாதவியின் மாலையை ஏந்திக்கொண்டு, பணக்கார இளைஞர்கள் உலாவும் தெருவில் நிற்கிறாள். விலை 1008 கழஞ்சுப் பொன். கண்ணகியின் கணவன் கோவலன் வாங்கிவிடுகிறான். அவளுக்கு அந்த ஒரு காட்சிதான். ஆனால் ஒரு குடும்பம் சரியத் தொடங்குவது அங்கேதான்!

அடுத்து, ஓலையோடு மூச்சிரைக்க நிற்கும் கோசிகன். மாதவியைக் கோவலன் பிரிந்த பிறகு, அவள் தோழி வசந்தமாலை கொண்டுவந்த முதல் ஓலையை அவன் வாங்க மறுத்துவிட்டான். கோசிகன் மதுரை வழியில் தேடிப் பிடித்து இரண்டாவது ஓலையைக் கொடுக்கும்போது, மாதவிமேல் தவறில்லை என்று கோவலன் மனம் இளகுகிறது. ஐயோ, எவ்வளவு தாமதம்! ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டிலும் இப்படித்தான். கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக்கொள்கிறார் துறவி ஜான். அவர் கையிலிருந்த கடிதம் போய்ச் சேரவில்லை; இரண்டு இளம் உயிர்கள் போயின. கடிதம் சுமப்பவர் வேஷத்தை இனி யாராவது 'சின்ன ரோல்' என்று சொல்லட்டும், பார்ப்போம்!

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மதுரைக் காட்சி. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் கண்ணகியின் சிலம்பை விலை பேசுகிறான்! உள்ளே அரண்மனையில் அரசி ஊடலில் இருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் பாண்டிய மன்னன், கோவலனே கள்வன் என்று கொல்லன் சொன்னதைத் தீர விசாரிக்காமல், அவனைக் கொல்லக் கட்டளை இடுகிறான். காவலர்கள் வந்து பார்க்கிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வன் போல இல்லையே என்று தயங்குகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும் இடம் இதுதான். அந்தத் தயக்கம் இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்! கொல்லன் விடவில்லை. கள்வர் கையாளும் எட்டு உத்திகளை அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். கடைசியில் படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். வெட்டியவனுக்கும் பெயர் இல்லை, வெட்ட வைத்தவனுக்கும் பெயர் இல்லை.

நம் வாயிற்காவலன் வருவது இதற்குப் பிறகு. தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு வாசலில் நிற்பவளைப் பார்த்து நடுங்கி, கொற்றவையும் இல்லை, காளியும் இல்லை, யாரோ ஒருத்தி என்று சொல்ல மன்னனிடம் ஓடுகிறான். கண்ணகி சபைக்குள் கால் வைக்கும் முன்பே பார்வையாளர் வயிற்றில் அந்தப் பயத்தைக் கரைத்து ஊற்றுவது அவன் வேலை. அவன் சொதப்பினால் கண்ணகியின் நுழைவே பாழ்!

புண்ணியவதிகளையும் பாருங்கள். தம்பதியரைப் பரிகசித்த இருவரை நரியாகும்படி சபித்து, தம்பதியர் வேண்டியதும் சாபத்தைப் பன்னிரண்டு மாதமாகச் சுருக்கிய, வழித்துணையாக வந்த பெண்துறவி கவுந்தியடிகள், கோவலன் முடிவு கேட்டு உண்ணாமல் உயிர் விடுகிறார். அடைக்கலம் கொடுத்த ஆயர்மகள் மாதரி தீயில் இறங்குகிறாள். ஒரு வீட்டுச் சோகம் ஊர்ச் சோகமாவது இவர்களால்தான். தலைவி அழுதால் நாமும் சேர்ந்து அழுவோம். ஆனால் நேற்றுப் பழகியவர்கள் அவளுக்காக உயிரையே விடும்போதுதான் இழப்பின் அளவு நமக்கு உறைக்கிறது.

ஆகவே நாடகம் போடும் அன்பர்களே, உங்கள் குழுவின் மிகச் சிறந்த நடிகரைப் பொற்கொல்லனாக்குங்கள். பெற்றோரே, பிள்ளைக்கு வாயிற்காவலன் வேஷம் கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள். முதல் வரிசையில் போய் உட்காருங்கள். திரை விழுந்து எல்லாரும் வணங்க வரும்போது, ஓரத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்துப் பலமாகக் கைதட்டுங்கள்!