உங்களுக்குத் தெரியுமா? – பாதி வழியில் மழை

சிறுசேரியில் குடியிருக்கும் எங்களில் பலருக்குச் சொந்த ஊர் தெற்கே இருக்கிறது. தீபாவளி, கார்த்திகை தீபம், அரையாண்டு விடுமுறை என்று பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் நாட்கள் எல்லாமே வடகிழக்குப் பருவமழைக்குள்தான் விழுகின்றன. வழியில் மாட்டிக்கொள்ளாத குடும்பம் எங்கள் குடியிருப்பில் ஒன்றுகூட இல்லை. அதனால் இந்த வாரம் மழையும் சாலையும்.

✦

வானிலை ஆய்வு மையத்தின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. தாம்பரத்தில் 49 செ.மீ. என்று 2015 டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில் பதிவான மழையில் பெரும்பங்கு 1-ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டியது. அதே நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.

49 செ.மீ. என்றால் எவ்வளவு? ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அன்று விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 45,500 லிட்டர். ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் மே மாதம் காசு கொடுத்து வாங்குகிறோமே, 12,000 லிட்டர் லாரி, அதில் கிட்டத்தட்ட நாலு லாரி. ஒரே ஒரு மாடிக்கு, ஒரே நாளில்.

✦

கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று செய்தியில் வாசிப்பது பேச்சுக்காக அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை. 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. அதற்கு மேலே வேறு அளவுக்கோடு கிடையாது. தாம்பரத்து 49 செ.மீட்டரும் அதே வகைதான். அதனால் 'அதி' என்ற சொல்லைக் கேட்டதும் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

✦

1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு 2015 டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அச்சகம் ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகரில் இருந்தது. எந்திரம் பழுதாகவில்லை, அதை ஓட்டும் தொழிலாளர்களால் வெள்ளத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர முடியவில்லை.

✦

அதே வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் டிசம்பர் 1 இரவு மூடப்பட்டது. பயணிகள் சேவை மறுபடி தொடங்கியது 6-ஆம் தேதி. நடுவில் கிடந்த பயணிகளுக்காக அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளத்தைத் திறந்துவிட்டார்கள்.

✦

ஓ.எம்.ஆரில் மழை நின்று வெயில் அடித்த பிறகும் தண்ணீர் வடியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் தரையின் அமைப்பில் இருக்கிறது. சாலைக்கு மேற்கே ஏரிகள்: தாழம்பூர், சிறுசேரி, தையூர் என்று. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். மேற்கிலிருந்து கிழக்கே சரிந்து ஓட வேண்டிய தண்ணீருக்குக் குறுக்கே, மேடு கட்டிய தடுப்பணைபோல, தெற்கு வடக்காகச் சாலை படுத்திருக்கிறது. வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியாக அதே கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காடு வந்துதான் கடலைச் சேர வேண்டும். புயல் நாளில் கடல் உயர்ந்து நிற்கும். முகத்துவாரத்தில் கால்வாய் நீரை உள்வாங்காது. அப்போது எங்கள் தெருவில் நிற்கும் தண்ணீருக்குப் போக இடமே இல்லை.

பள்ளிக்கரணை 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. முதலில் பெருமைக்குரிய செய்தியாகத்தான் தெரிந்தது. மறு வருடம் மிக்ஜாம் புயலில் அந்தச் சதுப்பைச் சுற்றியிருந்த தெருக்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தபோதுதான், அங்கே பாக்கி இருக்கும் ஒவ்வொரு ஏக்கரும் நமக்காகத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது. 2023 டிசம்பர் 5 அன்று காரப்பாக்கத்தில் நடிகர் விஷ்ணு விஷாலையும் இந்தி நடிகர் ஆமிர்கானையும் தீயணைப்பு, மீட்புப் படையினர் படகில் ஏற்றி வந்த படத்தை நாடே பார்த்தது. அந்தத் தெருக்காரர்களும் அப்படித்தான் வெளியே வந்தார்கள்.

✦

2024 அக்டோபரில், மழை எச்சரிக்கை வந்த உடனேயே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். முந்தைய வெள்ளங்களில் காரை இழந்தவர்களின் அனுபவம் அது. பாலத்தில் வண்டி நிறுத்தினால் ஆம்புலன்ஸுக்கு வழி குறையும் என்பதும் உண்மை, கீழே நிறுத்தினால் கார் போய்விடும் என்பதும் உண்மை. மேட்டில் ஒரு பொது நிறுத்தத்தை மழைக்கு முன்பே ஒதுக்கித் தந்தால் இரண்டு பாடும் தீரும்.

✦

காரை வெள்ளம் தூக்குவதற்கு இடுப்பளவு தண்ணீர் வேண்டியதில்லை. வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய கார் ஒன்றின் அடிப்பரப்பு மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று வையுங்கள். ஐந்தே கால் சதுர மீட்டர். காரின் அடிப்பாகத்தைத் தொட்ட பிறகு தண்ணீர் இன்னும் ஒரு சாண் கூட ஏற வேண்டாம், 15 செ.மீ. ஏறினால் போதும். விலகும் நீரின் எடை ஏறத்தாழ 790 கிலோ. சிறிய கார் ஒன்றின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். தரையிலிருந்து அளந்தால் முப்பது முப்பத்தைந்து செ.மீ., முழங்காலுக்குச் சற்றுக் கீழே. அந்த உயரத்தில் டயருக்கும் சாலைக்கும் பிடிப்பு போய்விடுகிறது. தண்ணீர் நின்றால் கார் மெல்ல நகரும். ஓடினால் ஓட்டத்தோடு போகும். 60 செ.மீ. ஓடும் நீரில் பெரிய வண்டிகளுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று. தரைப்பாலத்தின் மேல் பழுப்பு நிறத்தில் ஓடும் தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று காருக்குள் இருந்து பார்க்க வழியே இல்லை. முன்னால் போன பஸ் தாண்டிவிட்டதே என்று யாரும் இறங்காதீர்கள். பஸ்ஸின் எடை வேறு, உயரம் வேறு.

✦

தண்ணீரில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் திரும்பச் செல்ஃப் அடிக்கவே கூடாது. எஞ்சினுக்குள் காற்று போகிற வழியாகத் தண்ணீர் போயிருக்கும். காற்றைப் பிஸ்டன் அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. அந்த விசை எல்லாம் கனெக்டிங் ராடில் இறங்கி, ராடு வளைந்துவிடும். ஆஃப் ஆனபடியே விட்டுத் தள்ளிக்கொண்டு போனால் பல நேரம் சுத்தம் செய்வதோடு முடிந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப இயக்கிப் பார்த்ததால் வந்த எஞ்சின் சேதத்துக்கு, 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் ஒழிய, பெரும்பாலான வாகனக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. உங்கள் பாலிசியை மழைக்கு முன் ஒரு தடவை பிரித்துப் படியுங்கள்.

✦

தண்ணீர் ஏறத் தொடங்கிய உடனேயே செய்ய வேண்டிய முதல் வேலை, கண்ணாடியை இறக்குவது. மின்சாரத்தில் இறங்கும் கண்ணாடி நனைந்த பிறகு இறங்காமல் போகலாம். வெளியே தண்ணீர் அழுத்தும்போது கதவும் திறக்காது. சைலன்சர் முழுகி நிற்கும் வண்டியில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைத் தூங்க வைப்பதும் ஆபத்து. வெளியேற வேண்டிய புகை உள்ளே கசியும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

✦

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைப் புயல் அலை அப்படியே விழுங்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே சமயம் ராமேஸ்வரம் வந்திருந்த நடிகர்கள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தீவிலேயே சிக்கிக்கொண்டார்கள். பாம்பன் ரயில் பாலம் சிதைந்துவிட்டது. அப்போது கார் போகிற பாலமும் கிடையாது. அந்த ரயில் பாலத்தை ஆறு மாதத்தில் சரிசெய்யத் திட்டமிட்டிருந்தார்கள். வேலையை 46 நாளில் முடித்துக் காட்டிய இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்பாதையும் டெல்லி மெட்ரோவும் அவர் தலைமையில்தான் எழுந்தன.

✦

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. அந்த ஒரு நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலை நிலையத்திலேயே நிறுத்தி வைத்ததால்தான் ஏறத்தாழ 800 பேர் பிழைத்தார்கள். அவர்களில் சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்ற முடிந்தது. மற்றவர்கள், பாட்டிகளும் கைக்குழந்தைக்காரிகளும் உட்பட, நிலையத்திலேயே. 19-ஆம் தேதிதான் எல்லோரும் வெளியே வந்து, வாஞ்சி மணியாச்சி போய் வேறு ரயில் ஏறினார்கள்.

ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட்டதைத் தொலைக்காட்சி காட்டியது. அதற்கு முன்பே, பக்கத்தில் இருக்கும் புதுக்குடி மக்கள் தங்கள் வீடுகளில் இருந்த அரிசி, பருப்பைக் கொண்டுவந்து கோயிலில் அடுப்பு மூட்டிப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளம் அவர்களைச் சுற்றியும்தான் நின்றது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் அந்த ஊர்ப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

✦

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஆனால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அடைபட்டது டிசம்பர் 2 அன்று. ஏன்? கடற்கரையைத் தாண்டிய புயல் உள்ளே போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. அந்த நீர் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட வேண்டியதாயிற்று. கிளை ஆறான மலட்டாறு கரைபுரண்டு, விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் நான்கு வழிச் சாலையின் மேலேறி ஓடியது.

அந்தத் திங்கட்கிழமை நாங்களும் திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். காரில் அம்மா, மனைவி, ஆறு வயது மகள். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் வண்டிகள் நின்றன. எங்கள் தலைக்கு மேலே பெரிய மழைகூட இல்லை, அதுதான் புரியவில்லை. முன்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "அரசூர்ல ரோட்டு மேல ஆறு போவுது சார். வண்டிய ஆஃப் பண்ணிடுங்க. இப்போதைக்கு நடக்காது" என்றார். ஒரு மணி, இரண்டு மணி. அம்மாவுக்கு அவசரம், எழுபது வயதில் சாலை ஓரத்தில் எங்கே போவார்? வாய் திறந்து சொல்லவும் இல்லை, சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாலையை ஒட்டிய ஓட்டு வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, நாங்கள் கேட்பதற்குள், "உள்ள வாங்க பெரியம்மா, பாத்ரூம் பின்னாடி இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பால் வரவில்லை என்று கருப்பட்டி போட்டுக் கடுங்காபி வைத்தார். மணிலாக் கொட்டை மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துத் தர, மகள் சாயங்காலம் வரை தூங்கினாள். அடுத்தடுத்த கார்களிலிருந்து இன்னும் மூன்று குடும்பத்துப் பெண்கள் அந்தப் பின்வாசலுக்குப் போய் வந்தார்கள். காசு நீட்டியதற்கு அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்து, கையை மடக்கிக்கொண்டேன்.

✦

தேசிய நெடுஞ்சாலையில் மாட்டினால் கூப்பிட 1033. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. போனில் சார்ஜ் இருக்கும்போதே, நிற்கிற இடத்தின் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் தேடி வருபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

✦

பயணத்தில் மழையில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளில் தமிழில் ஆகப் பழையதாக எனக்குத் தெரிந்தது முதலாழ்வார்களுடையது. வைணவ மரபு சொல்கிறபடி, காஞ்சிபுரத்துப் பொய்கையாழ்வார் திருக்கோவலூரில் மழை பெய்யும் இருட்டில் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். பின்னாலேயே பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, படுத்த இடத்தில் இருவர் உட்காரலாமே என்று எழுந்து இடம் கொடுத்தார். அடுத்து மயிலாப்பூர்ப் பேயாழ்வார். மூவராய் நிற்கலாம் என்று மூவரும் நின்றார்கள். அந்த நெருக்கத்தில் நாலாவதாக ஒருவர், திருமாலே, புகுந்து நெருக்குவதை உணர்ந்தபோது பிறந்தவைதான் முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள்.

இடைகழி என்றால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் குறுகலான நடை. ரேழி என்று வீடுகளில் சொல்வார்கள். பூதத்தாழ்வார் பிறந்த கடல்மல்லை, நம் மாமல்லபுரம், சிறுசேரியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போகிற தூரம். திருக்கோவலூர் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. சாத்தனூரில் திறந்த தண்ணீர் அந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் அரசூருக்கு வந்தது.